மாந்தளிர் நிறத்தில் ஒரு கடிதம்

கும்பகோணம்,
பங்குனி 20

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, கண்தான். மாசிக் கடைசியில் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். அதிலிருந்து சொட்டு மருந்து, கருப்புக் கண்ணாடி, தலைக்குக் குளிக்காதே, குனியாதே என்று வீட்டில் ஒரே கெடுபிடி. பேரன்கூட என்னை அதட்ட ஆரம்பித்துவிட்டான். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. இடது கண்ணை ஆடிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கண் கதையை நீட்டுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எழுதலாம் என்று அனுமதி கிடைத்த அன்று பேனாவை எடுத்தேன். உள்ளே அதே பழைய கேமல் ராயல் புளூ மை. கிறுக்கிப் பார்க்கலாமென்று என் பெயரை எழுதினேன். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் கத்திரிப்பூ கலந்த பளிச்சென்ற நீலம். வலது கண்ணை மூடினால் அதே எழுத்து மங்கி, லேசாகப் பச்சை தட்டித் தெரிகிறது. நம்ப முடியாமல் மாற்றி மாற்றி மூடித் திறந்துகொண்டிருந்தேன். காப்பி கொண்டு வந்த கமலா, கண்ணில் ஏதோ கோளாறு என்று பயந்தே போனாள்.

அடுத்த முறை போனபோது டாக்டரிடம் கேட்டேன். வயதாக ஆகக் கண்ணில் இருக்கும் லென்ஸ் மஞ்சள் பூத்துக்கொண்டே போகுமாம். ஊதாவையும் நீலத்தையும்தான் அது அதிகம் தடுக்குமாம். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. அப்படியென்றால் எத்தனை வருடமாக என்ன நீலத்தில் எழுதுகிறேன் என்று தெரியாமலே எழுதியிருக்கிறேன், பார்.

அப்புறம் கை சும்மா இருக்குமா? அலமாரியில் இருந்த மைக்கூடுகளையெல்லாம் இறக்கினேன். கேமலில் நீலம், சிவப்பு, பச்சை. பிரில் வயலெட் ஒன்று, பாதி வற்றிப்போய். மாப்பிள்ளை கொல்கத்தாவிலிருந்து வாங்கி வந்த சுலேகா. சுதேசி இயக்க நாளில், 1934-இல், ஆரம்பித்த கம்பெனி அது. நடுவில் மூடிக் கிடந்து, திரும்ப வந்திருக்கிறது. அப்புறம் மகள் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த பைலட் இரோஷிசுகு, 50 மி.லி. புட்டி. அதன் பேர் ஹனா-இகாடா, தண்ணீரில் மிதக்கும் செர்ரிப் பூவிதழ். தண்ணீரில் குங்குமத்தைக் கரைத்தது மாதிரி ஒரு இளஞ்சிவப்பு. அந்த வரிசையில் ஒவ்வொரு மைக்கும் இப்படித்தான் பேர். மூங்கில் காடு, நிலா இரவு, பைன் மரத்துப் பனித்துளி.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. நம் ஊரில் இளவேனிலுக்கு நிறம் பஞ்சமா? தெருமுனைப் புங்கமரம் மாசியில் மொட்டையாக நின்றது. இப்போது அதன் தளிரைப் பார்த்தால் எண்ணெய் தடவிய மாதிரி மின்னுகிறது. வேப்பங்கொழுந்து செம்பு நிறம். கொல்லை மாமரத்தில் பூத்த கிளையில் வடு பிடித்திருக்கிறது. இந்த வருடம் பூக்காத கிளைகளில் தளிர், அதுவும் கொத்துக் கொத்தாக. எல்லாவற்றையும் வலது கண்ணால்தான் பார்க்கிறேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எனக்குத் தெரிந்து ஒரு மைக்கூட்டிலும் மாந்தளிர் என்று பேர் போட்டு நான் பார்த்ததில்லை.

சரி, நாமே கலந்தால் என்ன என்று உட்கார்ந்தேன். கமலாவின் இன்சுலின் சிரிஞ்ச் ஒன்றுதான் அளவுக்கு. 40 கோடு என்றால் 1 மி.லி., இதைவிடத் துல்லியமான படி ஏது? சிவப்பு 24 கோடு. அதில் பச்சை 3 கோடு விட்டதும் சிவப்பின் திமிர் அடங்கிப் பழுப்புக்குத் திரும்பியது. வயலெட் 2 கோடு. அப்புறம் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டர் 10 கோடு. தண்ணீர் சேர்த்தால்தான் அழகு வருகிறது. கோடு தொடங்கும் இடத்தில் வெளுப்பாகவும், நிப் நின்று திரும்பும் இடத்தில் அடர்த்தியாகவும் விழுகிறது. தளிரிலும் அப்படித்தானே, நடு நரம்பை ஒட்டிக் கருஞ்சிவப்பு, ஓரத்தில் வெளிச்சம்.

எடுத்த எடுப்பில் இது வந்துவிடவில்லை. முதல் முறை வெவ்வேறு கம்பெனி மை இரண்டைச் சேர்த்து ராத்திரி கிண்ணத்தில் வைத்தேன். காலையில் பார்த்தால் அடியில் ரசத்து வண்டல் மாதிரி கசடு. ஒரு மை அமிலம், ஒன்று காரம் என்றிருந்தால் இப்படித் திரிந்துவிடுமாம். நல்ல வேளை, பேனாவில் ஊற்றவில்லை. ஊற்றியிருந்தால் நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையின் மயிரிழைக் காலெல்லாம் அடைத்துக்கொண்டிருக்கும். அதனால் நீ கலப்பதாக இருந்தால் கண்ணாடிக் கிண்ணத்தில் கலந்து இரண்டு நாள் விட்டுப் பார்.

இந்தக் கடிதம் முழுக்க அந்த மாந்தளிர் மையில்தான், திருவள்ளூர் ரங்கா பேனாவில் எழுதுகிறேன். எபோனைட் உடம்பு, கடைசலில் கடைந்தது. ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூட்டில் இறுக வைத்த பொருள் அது. மூடியைக் கழற்றி மூக்கருகில் கொண்டுபோனால் இன்னும் லேசாகக் கந்தக வாசம். கைச்சூடு சீக்கிரம் உள்ளே போகாது என்பது இந்த மாதத்துக்குப் பெரிய உபகாரம். வேறொரு பிளாஸ்டிக் பேனா இருக்கிறது. நேராக உடம்பில் மை ஊற்றுகிற ரகம். அதில் மை கால் பங்குக்குக் குறைந்தால் போதும், உள்ளே இருக்கிற காற்று கைச்சூட்டில் உப்பி, மையைப் பிதுக்கிச் சொட்டென்று தாளில் விட்டுவிடும். போன வாரம் பால் கணக்கு நோட்டில் ஒரு முழுப் பக்கம் காலி.

சொட்டு என்றதும் எட்டாம் வகுப்பு பெஞ்சு ஞாபகம் வருகிறது. பரீட்சை நடுவில் மை தீர்ந்துபோய் நீ என் பக்கம் திரும்பியதும், உன் பேனாவின் கழுத்தைத் திருகி அதற்குள் நான் சொட்டு விட்டதும், பத்துச் சொட்டு கடன் என்று நீ சத்தியம் பண்ணியதும் மறந்திருக்காது. இரண்டு சொட்டுதான் திரும்பி வந்தது. மீதி எட்டு இன்னும் பாக்கி. வட்டி வேண்டாம், அசல் போதும்.

நீ தாசில்தாரான வருடம் எனக்கு ஒரு கார்டு போட்டாய். அதிலும் பச்சை மையில் கையெழுத்து! நண்பனுக்கு எழுதும்போதும் அட்டெஸ்டேஷன் போடுகிறானே என்று அன்றைக்குச் சிரித்தேன். பென்ஷன் வாங்க ஆரம்பித்ததும் நீ பச்சையை விட்டுவிட்டாய், பால்பாயிண்டுக்கு வந்துவிட்டாய். அது எனக்குப் பிடிக்கவில்லை. சர்க்கார் கொடுத்த உரிமையா என்ன பச்சை? புங்கந்தளிர் நிறத்தில் ஒன்று கலந்து வைத்திருக்கிறேன். பச்சையில் மஞ்சள் தூக்கலாக இருந்தால் சரியாக வரும், ஆனால் ரொம்பப் போனால் படிக்க முடியாது. சரக்கொன்றையிலும் இதே தொல்லைதான் வரப் போகிறது. மஞ்சள் மை வெள்ளைத் தாளில் எடுக்காது. சித்திரையில் அது பூக்கட்டும், நாலு கோடு சிவப்புச் சேர்த்துப் பார்க்கிறேன்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. கமலாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. பேரன் பெரிய பரீட்சை எழுதிவிட்டு ஊர் சுற்றுகிறான். எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கிறதே என்று ஒரு மைப் பேனா வாங்கிக் கொடுத்தேன். நிப்பைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, இது வேலை செய்யலை" என்றான்.

உன் கடிதத்தில் கடைசி வரியை நான் விடவில்லை. ராத்திரி எதிரே வரும் வண்டி விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. இந்த வாரமே போய்க் காட்டு, தள்ளிப்போடாதே.

உள்ளே ஒரு மாந்தளிரை மடித்து வைத்திருக்கிறேன். சேலம் வந்து சேர்வதற்குள் அது கருகிப்போகும். அதனால் பக்கத்திலேயே ஒரு துண்டுக் காகிதத்தில் பறித்த ஐந்தாவது நிமிடம் பொருத்திப் பார்த்து மையைத் தீற்றியிருக்கிறேன். பச்சை மை சிறு புட்டியில் தனியாக வருகிறது. அந்தத் தீற்றலை ஒவ்வொரு கண்ணாகப் பார். எந்தக் கண்ணுக்கு என்ன நிறம் தெரிந்தது என்று பச்சையில் பதில் எழுது.

அன்புடன்,
சுந்தரம்