சதர்லாந்து பட்டம் பெண்ணுக்குத்தான் வந்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஸ்காட்லாந்துக் கோட்டைகள் பற்றிய கட்டுரையில், "பிரபுவுக்கு மகன் இல்லையென்றால் பட்டம் அத்தோடு முடிந்துவிடும், பெண்களுக்கு அதில் உரிமையில்லை" என்று எழுதியிருந்தீர்கள். அதுவும் டன்ராபின் கோட்டைப் படத்துக்குக் கீழே! அச்சுக்குப் போகும் முன் அதை யாருமே படித்துப் பார்க்கவில்லையா?

அந்தக் கோட்டைக்குரிய சதர்லாந்து ஏர்ல் என்ற பிரபுப் பட்டம் 1766-இல் எலிசபெத் என்ற ஒரு வயதுப் பெண் குழந்தைக்குத்தான் வந்தது. பெற்றோர் இருவரும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ஆண்வழி உறவினர்கள் பட்டம் தங்களுக்கே என்று வழக்காடினார்கள். 1771-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபை குழந்தையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஸ்காட்லாந்தின் பழைய பட்டங்கள் பலவற்றில் மகன் இல்லாவிட்டால் மகளுக்கு உரிமை உண்டு.

1963-இல், அவர் வழிவந்த சதர்லாந்தின் ஐந்தாம் டியூக் (ஏர்லைவிட உயர்ந்த பட்டம்) பிள்ளையில்லாமல் இறந்தபோது பட்டங்களே பிரிந்தன. 1833-இல் கொடுக்கப்பட்ட டியூக் பட்டம் ஆண்வழிக்கு மட்டுமே என்பதால் தூரத்து உறவினரான எல்ஸ்மியர் பிரபுவுக்குப் போனது. பழைய ஏர்ல் பட்டமும் டன்ராபினும் இறந்த டியூக்கின் தம்பி மகளுக்கு வந்தன. 2019-இல் இறக்கும்வரை அவர்தான் சதர்லாந்தின் கவுண்டஸ், அதாவது ஏர்ல் பட்டத்துக்குரிய பெண்.

பெண் என்பதற்காக முதலில் சொன்ன எலிசபெத்தை நான் தூக்கிவைத்துப் பேசவில்லை. ஆடு வளர்க்க நிலம் வேண்டும் என்று ஆயிரக்கணக்கான குடியானவர்கள் விரட்டப்பட்டது அவருடைய நிலத்தில்தான். 1814-இல் அங்கே ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். அதற்காகக் கூண்டில் நின்ற எஸ்டேட் நிர்வாகி பேட்ரிக் செல்லர் 1816-இல் விடுதலையானார். இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் பென் பிராகி மலைமேல் நிற்கும் எலிசபெத்தின் கணவரின் சிலையை மட்டும் "மக்களின் அன்புச் சின்னம்" என்கிறீர்கள். மகளைப் பார்க்கப் போனபோது நானும் அந்த மலையடிவாரத்தில் நின்றிருக்கிறேன். கூட வந்த உள்ளூர்ப் பெரியவர் சிலை இருந்த பக்கம் திரும்பவே இல்லை. தன் முன்னோர் எந்தக் கிராமத்திலிருந்து துரத்தப்பட்டார்கள் என்பதை மட்டும் சொன்னார்.

இது முதல் தடவையும் இல்லை. முன்பொருமுறை டல்ஹவுசியை "ஆங்கிலேயப் பிரபு" என்று போட்டீர்கள். அவர் ஸ்காட்லாந்துக்காரர். 1860-இல் அவர் இறந்தபோது இரண்டு மகள்கள்தான் இருந்தார்கள். ஏர்லுக்கு மேற்பட்ட மார்க்விஸ் பட்டம் அவரோடு முடிந்தது, ஏர்ல் பட்டம் உறவினர் ஃபாக்ஸ் மாலுக்குப் போனது. ஒவ்வொரு பட்டத்துக்கும் அது கொடுக்கப்பட்டபோதே வாரிசு விதி தனியாக உண்டு என்று அப்போதே விரிவாக எழுதி அனுப்பினேன். வெளியிடவில்லை, சரி. ஒரு பதில் அஞ்சலட்டைகூட வரவில்லை. பல வருடமாகச் சந்தா கட்டிப் படிக்கிறவளுக்கு அந்த மரியாதை கிடையாதா?

அடுத்த இதழில் நான்கு வரித் திருத்தம் போடுங்கள். அப்புறம், சிலையைப் பற்றிய அந்த வாக்கியத்தையும் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
மதுரை