பழைய சர்வரை வாங்கிக்கொள்ளும் சங்கங்களின் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அதிலிருந்து பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிலும் ஆலய அலுவலகங்களிலும் ஒரு யோசனை அடிபடுகிறது: விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினிகளுக்கு மாற்றாக, கோலாலம்பூரில் ஏதாவது கம்பெனி கழித்துப்போட்ட சர்வர் கிடைத்தால், அந்த ஒன்றிலேயே நான்கைந்து மெய்நிகர் கணினிகளை (விஎம், அதாவது ஒரே இயந்திரத்துக்குள் தனித்தனிக் கணினிபோல இயங்குபவை) ஓட்டிக்கொள்ளலாமே என்று. தாராளமாக ஓட்டலாம். ஆனால் எல்லோரும் முதலில் விசாரிப்பது எத்தனை கோர் (பிராசசருக்குள் இருக்கும் கணிப்பு அலகு) என்று. பத்து வருடப் பழைய பிராசசர்கூட இந்த வேலைக்குத் தாங்கும். நம் ஊர்களில் காலை வாருவது ரேம், வட்டு, மின்சாரம். இருக்கிற ரிங்கிட்டை அங்கே போடுங்கள்.

மென்பொருளுக்குச் செலவில்லை. டெபியன் லினக்ஸ் மீது அமைந்த, விஎம்களை உருவாக்கி ஓட்டும் புரோக்ஸ்மாக்ஸ் போதும். நிறுவுமுன் பயாஸில் (சர்வரின் தொடக்க அமைப்புத் திரை) மெய்நிகர் கணினிகளுக்கான வசதி, அதாவது இன்டெல் பிராசசர் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம், இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல்முறை அப்டேட் செய்யும்போது 401 என்று பிழை காட்டும். சந்தா கட்டியவர்களுக்கான களஞ்சியம் (அப்டேட்டுகள் வரும் இடம்) தானாகவே இயக்கப்பட்டிருப்பதுதான் காரணம். அதை அணைத்துவிட்டு, சந்தா இல்லாதோருக்கான களஞ்சியத்தைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

ரேம் கணக்கைத் தாளில் போடுங்கள். விண்டோஸ் 11 விஎம் ஒவ்வொன்றுக்கும் 8 ஜிபி, கோப்புப் பகிர்வுக்கும் கணக்குக்கும் லினக்ஸ் விஎம் இரண்டுக்குத் தலா 4 ஜிபி, புரோக்ஸ்மாக்ஸுக்கு 2, இசட்எஃப்எஸ் என்ற வட்டு நிர்வாக முறையை வைத்தால் அதன் கேஷுக்கு (தற்காலிக நினைவகம்) 6. மூன்று விண்டோஸ் என்றால் 40 ஜிபி ஆகிறது. 64 ஜிபி சர்வரில் தாராளம். கோர்களை இருப்பதைவிட அதிகமாகப் பங்கிட்டால் வேகம்தான் குறையும். ரேமை அப்படிப் பங்கிட்டால், தட்டுப்பாடு வரும் நேரத்தில் லினக்ஸ் பெரும்பாலும் ஆக அதிகமாகப் பிடித்திருப்பவனைத்தான் வெட்டும். அது அநேகமாக உங்கள் கணக்கர் வேலை செய்துகொண்டிருக்கும் விஎம்மாக இருக்கும்.

வட்டுக்கு எஸ்எஸ்டி இரண்டு, ஒன்று மற்றதன் பிரதியாக. வட்டுகளைச் சேர்த்து நிர்வகிக்கும் ரெய்டு கார்டை, வட்டுகளை நேரடியாகக் காட்டும் எச்பிஏ முறைக்கு மாற்ற முடிந்தால் இசட்எஃப்எஸ் போடலாம். முடியாதென்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம், கார்டிலேயே மிரர் செய்து (பிரதி எடுக்க வைத்து) எல்விஎம்-தின் வையுங்கள், அதாவது எழுத எழுத மட்டும் இடம் ஒதுக்கும் முறை. தின் முறையில் ஒரு பொறி உண்டு. 480 ஜிபி வட்டில் தலா 100 ஜிபி என்று பத்து விஎம் உருவாக்கினாலும் அது மறுப்புச் சொல்லாது. அன்னதானத்தில் நூறு பேருக்குச் சமைத்துவிட்டு முந்நூறு டோக்கன் கொடுத்த கதைதான். உண்மையில் நிரம்பிய அன்று, அந்த வட்டில் எழுத முயலும் எல்லா விஎம்மும் பிழை காட்டி நிற்கும், கோப்புகளும் சேதமாகலாம். 80 விழுக்காட்டைத் தொட்டதுமே இடம் ஒழியுங்கள். விஎம் வட்டில் டிஸ்கார்ட் என்ற தெரிவை இயக்கியிருந்தால்தான், விண்டோஸுக்குள் அழித்த கோப்பின் இடம் வெளியே திரும்பக் கிடைக்கும்.

விண்டோஸ் 11க்கு யூஇஎஃப்ஐ (புதுவகை பயாஸ்), டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு) இரண்டையும் விஎம் உருவாக்கும்போதே சேருங்கள். மெய்நிகர் வட்டுக்கான டிரைவர் விண்டோஸில் இல்லாததால், நிறுவும்போது வட்டே இல்லை என்று திரை சொல்லும். பலர் அங்கேயே பின்வாங்கி வட்டை சாட்டா முறைக்கு மாற்றுகிறார்கள். ஓடும், ஆனால் மெதுவாக. விஎம்களுக்கான வெர்ட்ஐஓ டிரைவர்கள் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை (சிடியின் பிம்பம்) இரண்டாவது சிடியாக இணைத்து, ஸ்கசி (வட்டு) டிரைவரையும் நெட்வொர்க் டிரைவரையும் அப்போதே ஏற்றிவிடுங்கள். நெட்வொர்க் டிரைவர் இல்லாவிட்டால், இணையம் கேட்டுக்கொண்டே அடுத்த திரையில் நின்றுவிடும். விண்டோஸ் உரிமம் விஎம் ஒவ்வொன்றுக்கும் தனி.

இனி மின்சாரம். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஊரில் மாலை இடிமழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. மின்னழுத்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் லைன் இன்டராக்டிவ் வகை 1500 விஏ யூபிஎஸ் ஒன்று வேண்டும். அதிலிருந்து யூஎஸ்பி கம்பி சர்வருக்குப் போக வேண்டும். நட் என்ற மென்பொருள் பேட்டரி குறைவதைப் பார்த்து சர்வரைத் தானாக அணைக்க வேண்டும். கம்பி இல்லாத யூபிஎஸ் விபத்தைப் பத்து நிமிடம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஒவ்வொரு விஎம்மும் அணைய புரோக்ஸ்மாக்ஸ் வழக்கமாக மூன்று நிமிடம் காத்திருக்கும். ஆகவே பேட்டரி பாதியாகும்போதே தொடங்கச் சொல்லுங்கள். விஎம்களுக்குள் கெஸ்ட் ஏஜென்ட் (புரோக்ஸ்மாக்ஸின் கட்டளையை ஏற்கும் சிறு நிரல்) வேண்டும்; அது இல்லாமல் அணையச் சொன்னால் விண்டோஸ் சில நேரம் கேட்பதில்லை. பவர் சப்ளை இரண்டு இருந்தால் இரண்டையும் யூபிஎஸ்ஸில் செருகுங்கள். இதெல்லாம் செய்தும் சர்வர் கருகும் இடங்களில் பார்த்தால், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திறந்தவெளியில் செப்பு நெட்வொர்க் கேபிள் ஓடியிருக்கும். இடியின் அதிர்ச்சி அந்த வழியாகத்தான் உள்ளே வரும். அந்தத் துண்டை மட்டும் ஃபைபராக மாற்றுங்கள். பழைய கட்டடமானால் எர்த் இணைப்பையும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துச் சோதியுங்கள்.

ஸ்னாப்ஷாட்டை (விஎம்மின் அந்த நேர நிலையை அதே வட்டில் பதிந்துவைப்பது) பேக்கப் என்று நினைக்கவே கூடாது. வட்டு போனால் அதுவும் கூடவே போகும். பேக்கப் பிரதிகளை தினசரி 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 3 என்று வைத்து, வெளி வட்டு இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். ஒன்று எப்போதும் சர்வரிலிருந்து கழற்றப்பட்டு வேறு கட்டடத்தில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஒரு விஎம்மை பேக்கப்பிலிருந்து வேறு விஎம் எண்ணில் மீட்டு, அதன் நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு இயக்கிப் பாருங்கள். துண்டிக்காவிட்டால் ஒரே ஐபி முகவரியில் இரண்டு கணினிகள் மோதும்.

புரோக்ஸ்மாக்ஸின் நிர்வாகப் பக்கம் இயங்கும் 8006 போர்ட்டை ரவுட்டரில் திறந்துவிடாதீர்கள். வெளியிலிருந்து நுழைய விபிஎன் (பாதுகாப்பான தனிவழி இணைப்பு) போதும். ரூட் (முழு அதிகாரம் கொண்ட கணக்கு) கடவுச்சொல்லை எழுதி, உறையில் போட்டு ஒட்டி, சங்கத்தின் இரும்புப் பெட்டியில் வையுங்கள். ஆசிரியருக்கு மாற்றல் வந்ததும் யாரும் உள்ளே நுழைய முடியாமல் நிற்கும் சர்வர்கள் நம் பள்ளிகளில் உண்டு.

சர்வர் கொடுக்கும் நிறுவனங்களிடமும் ஒரு வேண்டுகோள். தகவல் பாதுகாப்புக்காக நீங்கள் வட்டுகளைக் கழற்றிக்கொள்வது நியாயமே. ஆனால் வட்டைப் பிடித்திருக்கும் தட்டுகளையும் சேர்த்து எறிந்துவிடுகிறீர்கள். ஒவ்வொரு மாடலுக்கும் தட்டு வேறு. இங்கே கடையில் கிடைப்பதில்லை. தட்டையும் அதன் நான்கு திருகாணிகளையும் தயவுசெய்து சர்வரிலேயே விட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பள்ளிக் கணினிகளைப் பராமரிப்பவர்,
சுங்கை சிப்புட், பேராக்