மூக்கு வழியே போன விசில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மருத்துவப் பக்கத்தில் சைனஸ் பற்றிய கேள்வி பதில் படித்தேன். தூசி, பனி, ஒவ்வாமை என்று எல்லாம் வந்திருந்தது. பல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் டாக்டர் இல்லை. 28 வருஷம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவன். பட்டதைச் சொல்கிறேன்.

2014 மார்கழியில் இடது கண்ணுக்குக் கீழே பாரமாக ஆரம்பித்தது. விழுந்த சில்லறையைப் பொறுக்கக் குனிந்தால் கன்னமே கழன்று விழும் போலிருக்கும். இடது மூக்கில் மட்டும் ஒழுகும், அதுவும் அழுகல் வாடையோடு. விடியற்காலை முதல் டிரிப், பனி, சைனஸ்தான் என்றார்கள் எல்லாரும். நொச்சித் தழை போட்டு ஆவி பிடித்தேன். மூன்று மாதம் மாத்திரை. சாப்பிடும்வரை அடங்கும், நிறுத்தினால் பழையபடி.

கடைசியில் ஒரு பல் டாக்டரம்மா, கையிலிருந்த கண்ணாடியின் காம்பால் மேல் வரிசையை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஒரு கடைவாய்ப் பல்லில் பட்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். ஆறு வருஷம் முன்பு வேறோர் இடத்தில் வேர் சிகிச்சை (ரூட் கேனல்) செய்து கேப் போட்ட பல். முடிந்துபோன விஷயம் என்று அதை நான் கணக்கிலேயே வைக்கவில்லை.

ஸ்கேன் எடுத்துக் காட்டினார். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர். மேலே மூன்று: கன்னப் பக்கம் இரண்டு, அண்ணப் பக்கம் ஒன்று, முக்காலி மாதிரி. வேருக்கு ஒரு குழாய் உள்ளே ஓடும்; கன்னப் பக்க முன் வேருக்குள் பலருக்கு இன்னொரு குழாயும் நூல் போல ஒளிந்திருக்குமாம். எனக்கு மூன்றைச் சுத்தம் செய்து அடைத்தவர்கள் நாலாவதைப் பார்க்கவே இல்லை. வேர் நுனிக்கும், அதற்கு மேலே கன்ன எலும்புக்குள் மூக்கோடு சேர்ந்திருக்கும் சைனஸ் என்ற காற்று அறைக்கும் நடுவே சிலருக்கு முட்டை ஓடு கனத்துக்குத்தான் எலும்பு. சீழ் மேலே ஏறிவிட்டது.

திரும்பவும் வேர் சிகிச்சை செய்யலாம் என்றார். லீவும் இல்லை, பணமும் இல்லை, பிடுங்கச் சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி தண்ணீர் குடித்தால் மூக்கில் வந்தது. மறுநாள் பிடிவாதமாக டூட்டிக்குப் போய் விசிலை வாயில் வைத்தேன். சத்தமே இல்லை, காற்று புஸ்ஸென்று மூக்கு வழியே போயிற்று. டிரைவர் வண்டியை எடுக்காமல் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்! பிடுங்கிய குழி சைனஸ் வரை திறந்திருந்தது. கன்னச் சதையை இழுத்துத் தைத்தார்கள். இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும். "விசில்?" என்று கேட்டேன். டாக்டரம்மா சிரித்தே விட்டார்.

என் பேத்திக்கு இப்போது ஆறரை வயது. பால் பற்களுக்குப் பின்னால், எதுவும் விழாமலே, புதிதாக ஒரு கடைவாய்ப் பல் வந்திருக்கிறது. நான் பறிகொடுத்த அதே பல். அதற்குள் குழியில் கறுப்புக் கோடு. "விழுந்து முளைக்கிற பல்தானே மாமா" என்கிறாள் மருமகள். இது விழுந்தால் முளைக்காது. அடுத்த வாரம் அழைத்துப் போகிறோம்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது இதை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். சைனஸ் பதிலில் விட்டுப்போன அந்த ஒரு வரியையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நடத்துநர்,
மன்னார்குடி