ஸ்ட்ராட்டை விற்காதே

மாப்ள,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று தங்கச்சி சொன்னாள், நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

நீ உன் ஸ்ட்ராட் எலக்ட்ரிக் கிட்டாரை விற்கப் போகிறாய் என்று சோடாபுட்டி சொன்னதிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. "சத்தம் செத்துப்போச்சு, பிக்கப் போயிடுச்சு" என்றாயாமே? சத்தத்தை மாற்றும் பெடல்களை வரிசையாகக் கோத்துப் பெடல்போர்டு கட்டிய பிறகுதானே இந்தப் புகார்? கிட்டாரை ஒரு சின்ன கேபிளில் நேராக ஆம்ப்பில் சொருகி வாசித்துப் பார். பழைய கணீர் திரும்பினால், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் அந்தப் பிக்கப் மேல் குற்றமில்லை.

கணக்கைச் சொல்கிறேன். கேபிளில் மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட் கெபாசிடன்ஸ் (மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை) இருக்கும். 5 மீட்டருக்கு 500. ஸ்ட்ராட் பிக்கப்பின் இண்டக்டன்ஸ் (சுருளின் தூண்டல்) ஏறத்தாழ 2.5 ஹென்ரி. இரண்டும் சேர்ந்து 4.5 கிலோஹெர்ட்ஸ் பக்கம் சத்தத்தைத் தூக்கி ஒரு மேட்டை எழுப்பும்; உனக்குப் பிடித்த அந்தக் கணீர் அங்கேதான் இருக்கிறது. இப்போது உன் பெடல்கள் அத்தனையும் ட்ரூ பைபாஸ். அணைத்தால் வெறும் கம்பிதான். முன் கேபிள், பேட்ச் கேபிள்கள், மேடையைத் தாண்டி ஆம்ப் வரை போகும் கேபிள் எல்லாம் சேர்ந்து 15 மீட்டர் வந்தால் மேடு 2.6 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். வேறென்னடா நடக்கும், மந்தமாகத்தான் கேட்கும்!

ஆகவே ஒரு பஃபர் போடு: கேபிளின் சுமை பிக்கப் மேல் விழாமல் நடுவில் நின்று சிக்னலைக் கொண்டுபோகும் சின்ன சர்க்யூட். ஒற்றை ஜேஃபெட் (ஒருவகை ட்ரான்ஸிஸ்டர்) சர்க்யூட் எளிமையானதுதான். ஆனால் அதற்கு எல்லோரும் சொல்லும் ஜே201, கால் வைத்த வடிவில் உற்பத்தி நின்றுவிட்டது. சந்தையில் போலிகள் நிறைய. நீ என்இ5532 ஐசி என்று பிடிவாதம் பிடிப்பாய், தெரியும். காகிதத்தில் அதன் வோல்டேஜ் நாய்ஸ் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் இன்புட் பைபோலார். பிக்கப் மாதிரி இம்பிடன்ஸ் (சிக்னலுக்கு எதிரான மொத்தத் தடை) ஏறும் இடத்தில் கரண்ட் நாய்ஸ் இரைச்சலாக வெளியே வரும். டிஎல்072 ஐசி ஜேஃபெட் இன்புட், அந்தத் தொல்லை இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய்க் கேள்.

இன்புட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், அங்கிருந்து 4.5 வோல்ட் பயாஸுக்கு (சப்ளையின் நடுப்புள்ளி) 1 மெகா ஓம் ரெஸிஸ்டர். அவுட்புட்டில் 10 மைக்ரோஃபாரட்டும் தொடராக 100 ஓமும் போடு; அந்த 100 ஓம் இல்லாவிட்டால் நீளமான கேபிளைப் பார்த்ததும் ஐசி ஆஸிலேட் ஆகலாம். ஐசிக்குள் ஒரே மாதிரி இரண்டு பாதிகள் உண்டு; பயன்படாத மற்ற பாதியைச் சும்மா விடாதே: அதன் பிளஸ் காலைப் பயாஸிலும், மைனஸ் காலை அதன் அவுட்புட்டிலும் கட்டு.

எந்தச் சிப் என்பதைவிட எங்கே வைக்கிறாய் என்பதுதான் பெரிய விஷயம். சத்தத்தைக் கரகரப்பாக்கும் உன் ஃபஸ் ஃபேஸ் பெடலுக்கு முன்னால் மட்டும் வைத்துவிடாதே! அதன் இன்புட் இம்பிடன்ஸ் சில கிலோ ஓம்தான். பிக்கப்போடு நேரடியாகப் பேசினால்தான் வால்யூமைக் குறைத்ததும் சத்தம் தெளியும். நடுவில் பஃபர் வந்தால் கரகரவென்று ஆகிவிடும். கிட்டார், ஃபஸ், பஃபர், பிறகு மற்றவை. இந்த வரிசையை மாற்றாதே.

அந்தக் கிட்டாரில் நீ வாசித்ததைக் கேட்டுத்தான்டா நான் கம்பியைத் தொட்டேன். யாரோ ஒருவன் பாதி விலைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போவதை என்னால் பார்க்க முடியாது. வாங்க வருகிறேன் என்றவனிடம் இன்றைக்கே இல்லை என்று சொல். நேராகச் சொருகிப் பார்த்துவிட்டு, ராத்திரி எத்தனை மணியானாலும் கூப்பிடு.

உன்,
மாப்ள