முட்டைப் பணம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. தம்பி வந்துவிட்டுப் போனான். வேறு ஒன்றும் விசேஷமில்லை.

கீரை இந்தத் தடவை நன்றாக வந்திருக்கிறது. விடியும் முன்பே அறுத்து, ஈரச் சாக்கில் சுற்றிச் சந்தைக்குக் கொண்டுபோகிறேன். வெயில் ஏறுவதற்குள் விற்றால்தான் காசு. இலை தொங்கிவிட்டால் கேட்கிற விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். முட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் வாங்குகிறவர்கள் கெட்டிக்காரர்கள். ஒரு அம்மாள் என் எதிரிலேயே ஆறு முட்டைகளைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். புது முட்டை ஆயிற்றே, ஆறும் அடியில் படுத்துக் கிடந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது.

அக்டோபர் 15 கிராமப்புறப் பெண்கள் தினமாம், 2007ல் ஐ.நா. சபையில் தீர்மானம் போட்டார்களாம். அதற்கு ஒரு கூட்டம். விவசாயக் கூலி வேலையில் ஆணுக்கு 100 கிடைத்தால் பெண்ணுக்கு 82தான் என்று ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு 2023ல் கணக்குச் சொல்லியிருக்கிறதாம். வந்த பெண் அதைப் புதுச் செய்தி மாதிரி வாசித்தாள். ஒருத்தியும் நிமிரவில்லை. அந்த 82 வீட்டுக்கு வந்தபிறகு யார் கையில் இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை.

நீ சம்பாதிக்கிறாய். கொஞ்சமாவது உன் பெயரில் போட்டு வை. மாப்பிள்ளையைக் குறை சொல்லவில்லை, நல்ல மனிதர்தான். ஆனாலும் உன் கையில் கொஞ்சம் இருக்கட்டும்.

தம்பியிடம் நீ கேட்டது எவ்வளவு சின்னத் தொகை! என் மகள் மாதச் சம்பளக்காரி என்று சந்தையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்னிடமே கேட்டிருக்கலாம். ஏன், எதற்கு என்று குடைவேன் என்று பயமா? கேட்க மாட்டேன். இதோ, கேட்கவில்லை பார். சரி, உன் கையில் கொஞ்சம் வைத்துக்கொள்.

அந்தப் புள்ளிக் கோழி நினைவிருக்கிறதா? "இது உன் கோழி, முட்டைக் காசு உனக்கு" என்று சொன்னவள் நான்தான். நீ முட்டைக்கு ஒரு கோடாகச் சுவரில் கரியால் போட்டு வைத்தாய். மோட்டார் காயில் எரிந்தபோது அந்தக் காசை உன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன். நீ அழுதாய். "பொம்பளைப் பிள்ளைக்குத் தனியாக என்ன காசு?" என்று கேட்டேன். அறுவடை முடிந்ததும் மெக்கானிக் பாக்கியைக் கொடுத்தேன், உரக்கடைப் பாக்கியைக் கொடுத்தேன். உன்னுடையதைக் கொடுக்கவில்லை. அப்புறம் நீ கோடு போடவே இல்லை. பொறுப்பு வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

மாட்டுக் கொட்டகையில் மூட்டைகளுக்குப் பின்னால் அந்தக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. நேற்று எண்ணினேன், 63. இன்றைய விலைக்குக் கணக்குப் போட்டுத் தம்பியிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீ கேட்டது தனியாக இருக்கிறது, இரண்டையும் கலந்துவிடாதே. 63 சரிதானா என்று போன் போட்டுச் சொல். காலையில் என்றால் சந்தையில் இருப்பேன். பரவாயில்லை, எடுப்பேன்.

அம்மா