அடிச்சேற்றையும் அளந்து பாருங்கள்: நீர்த்தரக் கண்காணிப்புக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

நீர்நிலைகளைக் கண்காணிக்கும் நடைமுறைகளை வகுக்கும் தொழில்நுட்பக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தது குறித்து நீங்கள் வெளியிட்ட ஆய்வறிக்கையைப் படித்தோம். கரைந்த ஆக்ஸிஜன் குறைந்ததால் மூச்சுத்திணறி இறந்தன என்று முடித்திருக்கிறீர்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்த ஆக்ஸிஜனைத் தின்றது எது என்பதற்கு அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. இணைப்பு அட்டவணையில் சல்ஃபைடுக்கு நேரே ‘கண்டறியப்படவில்லை’ என்று இருக்கிறது. கரையில் நின்றவர்கள் எல்லாரும் சல்ஃபைடுக்கே உரிய அழுகிய முட்டை நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்ட நாளில் எடுத்த மாதிரி அது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அடிநீரிலும் அடிச்சேற்றிலும் சல்ஃபைடை அளக்க வேண்டும். மாதிரி எடுத்த இடத்திலேயே, படகை விட்டு இறங்கும் முன்பே, சல்ஃபைடைத் தப்பவிடாமல் பிடித்துவைக்கும் துத்தநாக அசிடேட்டை அதில் சேர்த்துவிட வேண்டும்.

‘கண்டறியப்படவில்லை’ எப்படி வந்தது என்பதை உங்கள் நடைமுறைக் கையேடே சொல்கிறது. மேற்பரப்பு நீர், பகல் பதினொரு மணி, சி.ஓ.டி. (வேதி ஆக்ஸிஜன் தேவை) சோதனைக்கான அதே பாட்டில். சி.ஓ.டி. மாதிரி கெடாமலிருக்கக் கந்தக அமிலம் விட்டு பி.எச். அளவை 2-க்குக் கீழே கொண்டுவருகிறார்கள். அந்தச் சோதனைக்கு அது சரியான முறைதான். சல்ஃபைடுக்கு அதுவே எமன். பி.எச். 7 அளவில் கரைந்த சல்ஃபைடில் ஏறக்குறையப் பாதி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாகவும் மீதி அயனியாகவும் இருக்கும். அமிலம் விழுந்ததும் அத்தனையும் வாயுவாகிறது. ஆய்வகத்தில் மூடியைத் திறந்த கணத்தில் கிளம்பிப் போய்விடுகிறது. அதே பாட்டிலிலிருந்து சல்ஃபேட்டையும் அளந்திருந்தால் இன்னும் சிறப்பு: ஊற்றிய கந்தக அமிலத்தையே அளந்து, நீரில் இருந்ததாக எழுதியிருப்பீர்கள்.

சரியான முறை புதியதும் அல்ல, செலவு பிடிப்பதும் அல்ல. காலிப் பாட்டிலில் முதலில் துத்தநாக அசிடேட் கரைசல் (2 நார்மல்), 100 மி.லி. மாதிரிக்கு 4 சொட்டு. பிறகு மாதிரிக் குழலிலிருந்து வரும் ரப்பர் குழாயின் நுனியைப் பாட்டிலின் அடிவரை விட்டு, நீர் சலசலக்காமல் நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று கலந்து, பாதி அங்கேயே போய்விடும். கடைசியில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பி.எச். அளவை 9-க்கு மேல் ஏற்றி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூட வேண்டும். சல்ஃபைடு வெள்ளைத் துத்தநாக சல்ஃபைடாகப் படிந்துவிடும். குளிரில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். பிறகு மெத்திலீன் புளூ முறையில் நிறம் வரவைத்துப் படிக்கலாம்.

இங்கேயும் ஒரு குழி உண்டு. படிவு அடியில் தங்கியிருக்க, பிப்பெட்டில் மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்துச் சோதித்தால் விடை மறுபடியும் பூஜ்யம்தான். பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு எடுக்க வேண்டும். துத்தநாகம் சேர்த்த பின் வடிகட்டினாலும் கதை அதுவே.

ஆக்ஸிஜன் கணக்குக்கு வருவோம். ஒரு மி.கி. சல்ஃபைடு கந்தகம் முழுவதும் சல்ஃபேட்டாக மாற 2 மி.கி. ஆக்ஸிஜன் வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் நன்னீர் பிடித்துவைக்கக்கூடிய ஆக்ஸிஜன் லிட்டருக்கு 8 மி.கி.க்குச் சற்று மேல். அப்படியானால் அடியில் லிட்டருக்கு 4 மி.கி. சல்ஃபைடு கந்தகம் சேர்ந்திருக்கும் நீர், ஒரு குளிர்ந்த இரவிலோ பலத்த காற்றிலோ மேலெழுந்தால், தன் அளவுக்குச் சமமான மேல்நீரின் ஆக்ஸிஜனை ஏறக்குறைய முழுவதுமாகக் குடித்துவிடும். குடித்து முடிக்கும் முன்பே மீனின் செவுளில் நஞ்சாகவும் வேலை செய்யும். மீன்களுக்குத் தீங்கில்லாத அளவாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் வரம்பு, அயனியாகப் பிரியாத ஹைட்ரஜன் சல்ஃபைடாக லிட்டருக்கு 2 மைக்ரோகிராம். மில்லி அல்ல, மைக்ரோ. பகல் பதினொரு மணிக்கு மேற்பரப்பில் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்ஸிஜனையும் பி.எச். அளவையும் ஏற்றிவைத்திருக்கும் வேளையில் போய் நின்றுகொண்டு இதைத் தேடினால் எங்கே கிடைக்கும்? விடிவதற்கு முன், அடியில் தேட வேண்டும்.

இந்தச் சல்ஃபைடு ஆலைக் குழாயிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. பெரும்பகுதியை அங்கேயே செய்பவை நுண்ணுயிர்கள். சேற்றில் அவை சுவாசிக்கும் ஆக்ஸிஜன் தீர்ந்ததும் நைட்ரேட், பிறகு மாங்கனீசு, இரும்பு ஆக்சைடுகள், அதன்பின் சல்ஃபேட், எல்லாம் தீர்ந்த இடத்தில் மீத்தேன் என்ற வரிசை உங்களுக்குத் தெரியாததல்ல. டச்சு நுண்ணுயிரியலாளர் பெய்ஜரிங்க் 1895-லேயே சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியத்தைப் பிரித்துக் காட்டிவிட்டார். ஒரு மூலக்கூறு சல்ஃபேட்டைக் கொண்டு அவை இரண்டு கார்பன் அணுக்களை பைகார்பனேட்டாக்கி, ஒரு ஹைட்ரஜன் சல்ஃபைடை வெளியே விடுகின்றன. கடல்நீரில் சல்ஃபேட் லிட்டருக்கு 28 மில்லிமோல், அதாவது சுமார் 2.7 கிராம். ஆகவே கரையோரக் கடல் வண்டலில் சிதையும் கரிமப் பொருளில் ஏறத்தாழப் பாதி இந்த வழியாகவே போகிறது என்பது 1980-களிலிருந்து ஏற்கப்பட்ட மதிப்பீடு. நீங்கள் பி.ஓ.டி. (உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை) என்று ஐந்து நாள் பாட்டிலில் அளப்பது ஆக்ஸிஜன் வழிச் சிதைவை மட்டும்தான். மீதிப் பாதிக்கு உங்கள் படிவத்தில் இடமே கிடையாது.

நன்னீரில் சல்ஃபேட் குறைவு. அங்கே சேறு சீக்கிரமே மீத்தேனுக்குப் போய்விடும். அதில் சல்ஃபேட் மிகுந்த கழிவு கலந்தால், ஹைட்ரஜனுக்கும் அசிடேட்டுக்குமான போட்டியில் மீத்தேன் உருவாக்கும் ஆர்க்கியாக்கள் (பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட ஒரு நுண்ணுயிர் வகை) தோற்று, சல்ஃபேட் பாக்டீரியாக்கள் ஜெயிக்கும். மீத்தேன் குறையும், சல்ஃபைடு கூடும். அந்தச் சல்ஃபைடு சேற்றிலுள்ள இரும்பைப் பிடித்துக் கருப்பு இரும்பு சல்ஃபைடாக்கும், இரும்பு ஆக்சைடோடு ஒட்டியிருந்த பாஸ்பேட் விடுபட்டு மேலே வரும், பாசி பெருகும், பாசி செத்துச் சேற்றில் விழும், சுழல் மறுபடி தொடங்கும். வெளியிலிருந்து ஒரு சொட்டுப் பாஸ்பேட் வராதபோதும் ஏரி பச்சையாவதற்கு இது ஒரு காரணம். சல்ஃபேட் வரம்பைக் குடிநீரின் சுவையை மட்டும் கருதி வைத்துவிட்டு, ‘பாஸ்பேட் எங்கிருந்து வருகிறது என்பது ஆய்வுக்குரியது’ என்று ஆண்டுதோறும் எழுதுவது பொருத்தமாக இல்லை.

இதையெல்லாம் தடுக்கும் காவலும் சேற்றிலேயே இருக்கிறது. கடல் வண்டலில் கீழிருந்து வரும் மீத்தேனில் 90 விழுக்காடு வரை, ஆர்க்கியாவும் சல்ஃபேட் பாக்டீரியாவும் கூட்டாக, ஆக்ஸிஜன் இல்லாமலே எரித்துவிடுகின்றன. அந்தக் கூட்டணியை 2000-இல் கண்ணெதிரே காட்டினார்கள். மேலே வரும் சல்ஃபைடை வெண்படலமாய்ப் படரும் பெக்கியாட்டோவா என்ற பாக்டீரியா பிடிக்கிறது. 2012-இல் விவரிக்கப்பட்ட கேபிள் பாக்டீரியாக்கள், ஆழத்தில் சல்ஃபைடிலிருந்து எடுத்த எலக்ட்ரானைச் சென்டிமீட்டர் கணக்கில் கடத்தி மேலே ஆக்ஸிஜனிடம் சேர்க்கின்றன. பெக்கியாட்டோவாவும் கேபிள் பாக்டீரியாக்களும் வேலை செய்வது மேல் சில சென்டிமீட்டருக்குள்.

அந்தச் சில சென்டிமீட்டரைத்தான் ‘புனரமைப்பு’ என்ற பெயரில் முதல் நாளே இயந்திரத்தால் கிளறுகிறார்கள். கிளறியதும் கருஞ்சேறு ஆக்ஸிஜனைக் குடிக்கிறது, மீன் சாகிறது, விசாரணைக் குழு அமைகிறது. அடுத்து அலங்கார நீரூற்று வருகிறது: மேல்நீரை வானத்துக்கு வீசி, ஏற்கெனவே ஆக்ஸிஜன் உள்ள நீருக்கே இன்னும் ஆக்ஸிஜன் ஊட்டுகிறது. அதுவும் போதாமல் ‘நன்மை செய்யும் நுண்ணுயிர் உருண்டைகள்’ கொட்டப்படுகின்றன. ஒரு கிராம் சேற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இருக்கும் இடத்துக்கு விருந்தாளிகளை அனுப்புகிறோம். விருந்துக்கு உருண்டையிலுள்ள தவிடும் வெல்லமும். அதுவும் சல்ஃபேட் பாக்டீரியாக்களுக்குத்தான் போய்ச் சேரும். தரைவிரிப்புப் போட்டுத் தொடக்க விழா நடத்தத் தெரிந்தவர்களுக்கு, சேற்றில் ஒரு குழாயை இறக்க மட்டும் நேரமில்லை.

சொல் சற்றுக் கடுமையாகிவிட்டது, பொறுத்தருள வேண்டும். குழுவிடம் பணிவாகக் கேட்பதை மீண்டும் எழுதுகிறோம்: அடிநீரிலும் அடிச்சேற்றிலும் சல்ஃபைடை அளக்க ஆணையிடுங்கள்.

சேற்றுக்கு வாளிபோல் அள்ளும் கருவி வேண்டாம், அடுக்குகள் கலந்துவிடும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயைச் செங்குத்தாக இறக்கி, மேல்நீர் கலங்காமல், இருபுறமும் ரப்பர் அடைப்பான் போட்டு எடுக்க வேண்டும். மேலே பழுப்பும் கீழே கருப்புமாகத் தெரியும் எல்லையை முதலில் அளவுகோல் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். காசில்லாத அளவீடு அது. குழாயின் பக்கத்துளைகள் வழியே நுண்துளை உறிஞ்சிகளைச் செருகி, சென்டிமீட்டருக்கு ஒன்றாக இடைநீரை (சேற்றுத் துகள்களுக்கு இடையில் உள்ள நீரை) எடுத்து, நேராகத் துத்தநாக அசிடேட்டுக்குள் விடலாம். மீத்தேனுக்கு, நுனி வெட்டிய சிரிஞ்சால் 2 அல்லது 3 மி.லி. சேற்றை எடுத்து, சோடியம் ஹைட்ராக்சைடு உள்ள கண்ணாடிக் குப்பியில் போட்டு உடனே இறுக்கி மூடுங்கள். குப்பியின் மேல்வெளி வாயுவை, வாயுக்களைப் பிரித்து அளக்கும் வாயு குரோமட்டோகிராபில் பார்க்கலாம். எங்கெங்கே குழாய் இறக்குவது என்று முடிவு செய்ய, சல்ஃபைடு பட்டால் கருப்பாகும் ஈய அசிடேட் காகிதத்தைக் காட்டினாலே போதும்; கருப்பானால் அங்கே இறக்குங்கள். மூக்கை நம்ப வேண்டாம். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் முகரும் உணர்வே மரத்துப்போகும் என்பதால், சேறு கிளறும் பணியாளர்களுக்கு வாயு எச்சரிக்கைக் கருவியும் கட்டாயமாக்குங்கள்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். சல்ஃபைடு பூஜ்யம் என்று சரியான முறையில் வந்தாலும் சுழற்சி நடக்கவில்லை என்று பொருளல்ல. உருவான வேகத்திலேயே அது மறுபடி ஆக்ஸிகரணமாகி மறைந்துவிடலாம்; சிலி நாட்டுக் கடலின் ஆக்ஸிஜன் குறைந்த அடுக்கில் இப்படி மறைந்து நடப்பதை 2010-இல் காட்டியிருக்கிறார்கள். வேகத்தை அறிய கந்தகம்-35 கதிரியக்கச் சுவடு தேவை. அதை எல்லா நிலையங்களிலும் கேட்கவில்லை. மீன் இறப்பு திரும்பத் திரும்ப நடக்கும் இடங்களில் மட்டும், உரிமம் உள்ள ஆய்வகங்கள் வழியாகச் செய்தால் போதும்.

கையேட்டில் சல்ஃபைடுக்குத் தனிப் பாட்டில், மாதிரிப் படிவத்தில் ஆழமும் நேரமும் எழுத இரண்டு கட்டங்கள், அடிநீருக்கும் சேற்றுக்கும் தனித்தனி வரிகள். இந்தத் திருத்தங்களை அடுத்த மாதிரி சேகரிப்புக்கு முன் சுற்றறிக்கையாக அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். களப் பணியாளர்களுக்குச் செய்துகாட்ட வேண்டுமென்றால், நாள் குறித்துச் சொல்லுங்கள், குழாய்களோடு வருகிறோம்.

இப்படிக்கு,
நீர், வண்டல் மாதிரிகளில் பணியாற்றும் நுண்ணுயிரியலாளர்களும் வேதியியலாளர்களும்