ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வைத் தவறான பிரிவில் பதிவு செய்தது பற்றிய புகார்

திருச்சி,
12 நவம்பர் 2025

பெறுநர்:
கிளை மேலாளர்,
வெளிநாட்டுக் கல்வி ஆலோசனை நிறுவனம்,
தில்லைநகர், திருச்சி.

பொருள்: அகாடமிக் பிரிவுக்குப் பதில் ஜெனரல் டிரெய்னிங் பிரிவில் பதிவு செய்தது, அதன் பின் தவறான யோசனை சொன்னது, ரூ.26,500 திருப்பிக் கேட்பது.

ஐயா, வணக்கம்.

என் மகள் சிவில் இன்ஜினியரிங் முடித்தவள். மெல்போர்னில் எம்.இ. படிக்க வேண்டும் என்று இந்த ஜனவரியில் உங்களிடம் வந்தோம். விண்ணப்பம், தேர்வு, விசா எல்லாம் "ஒரே கூரையில்" முடித்துத் தருவதாகச் சொன்னீர்கள். பிப்ரவரியில் பல்கலைக்கழகத்திலிருந்து நிபந்தனையோடு ஆஃபர் லெட்டரும் வந்தது. நிபந்தனை இது: ஐஇஎல்டிஎஸ் தேர்வில் மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கான அகாடமிக் பிரிவு, மொத்தம் 6.5, எந்தப் பகுதியிலும் 6-க்குக் குறையக் கூடாது. உங்கள் கவுன்சிலர் அந்த 6.5 மேல் மஞ்சள் ஹைலைட்டர் போட்டுக் காட்டினார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கும் "அகாடமிக்" என்ற சொல்லின் மேல் மஞ்சள் படவில்லை.

தேர்வுக்கு நாங்களே பதிந்துகொள்கிறோம் என்றோம். வேண்டாம், தப்பு வந்துவிடும் என்று நீங்கள் 2,000 ரூபாய் சேவைக் கட்டணம் வாங்கிக்கொண்டு, உங்கள் அலுவலக மெயிலில் கணக்கு தொடங்கிப் பதிந்தீர்கள். உறுதிக் கடிதம் உங்களுக்குத்தான் வந்தது. எங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது: தேதி, சென்னை முகவரி, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பது. அதற்கு மேல் இருந்த வரிகள் வெட்டப்பட்டிருந்தன. நான் கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்தவன். சலானில் ஒரு எழுத்து மாறினால்கூடத் திருப்பி அனுப்பியவன். முழுத் தாளையும் அனுப்புங்கள் என்று அன்று கேட்காமல் விட்டது என் பிழை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

மார்ச் மாதம் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் இருவரும் சென்னை போனோம். ஆறு வாரமாக அவள் பட்டை வரைபடத்தையும் வட்ட வரைபடத்தையும் ஆங்கிலத்தில் விவரித்து எழுதிப் பழகியிருந்தாள். ரீடிங்கில் நீண்ட கட்டுரைகளுக்குப் பதிலாக அறிவிப்பும் விளம்பரமும் வந்தபோதே சந்தேகம் தட்டியிருக்கிறது. ரைட்டிங் திறந்தால் வரைபடமே இல்லை, கடிதம் எழுதச் சொல்கிறது திரை. கையைத் தூக்கிக் கேட்டிருக்கிறாள். இப்போது பிரிவை மாற்ற முடியாதம்மா என்று சொல்லிவிட்டார்கள். ஜெனரல் பிரிவில் இப்படி ஒரு கடிதம் கட்டாயமாம், 20 நிமிடம், குறைந்தது 150 சொல். பல நேரம் புகார்க் கடிதமே கேட்பார்களாம். நான் இந்தக் கடிதத்தை மூன்று இரவாக எழுதுகிறேன்.

அந்தக் குழப்பத்திலும் லிசனிங் 8, ரீடிங் 7.5, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 7 வாங்கினாள். மொத்தம் 7.5. வீட்டில் யாருக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உங்கள் கவுன்சிலருக்கு மட்டும் கவலையே இல்லை. "ரெண்டும் ஒண்ணுதான் சார், ஸ்கோரைத்தான் பார்ப்பாங்க" என்றார். லிசனிங்கும் ஸ்பீக்கிங்கும் ஒன்று, சரி. ரீடிங்கும் ரைட்டிங்கும் வேறு. அகாடமிக் ரீடிங்கில் 40-க்கு 30 சரியாக இருந்தால் ஏறக்குறைய 7 கிடைக்கும், ஜெனரலில் அதே 30-க்கு 6தான். வேலைக்கும் குடியேற்றத்துக்கும் போகிறவர்களுக்கான பிரிவு ஜெனரல். எந்தப் பிரிவு என்பது மதிப்பெண் தாளின் தலையிலேயே அச்சாகியிருக்கிறது. அதைத்தான் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினீர்கள். ஏப்ரல் கடைசியில் இரண்டு வரியில் பதில் வந்தது: அகாடமிக் வேண்டும்.

அப்போதாவது தவறை ஏற்றுக்கொண்டு அகாடமிக்குக்குப் பதிந்து கொடுத்திருக்கலாம். அதற்குப் பதில் டூயோலிங்கோ என்ற வேறொரு ஆங்கிலத் தேர்வை எழுதச் சொன்னீர்கள். வீட்டிலேயே எழுதலாம், ஒரு மணி நேரம், இரண்டு நாளில் ரிசல்ட், பல்கலைக்கழகமும் ஏற்கிறது என்றீர்கள். 6,500 ரூபாய் கட்டினோம். தேர்வு நேரத்தில் அறைக்குள் யாரும் வரக் கூடாது என்பதால் என் அம்மாவைப் பக்கத்து வீட்டில் உட்கார வைத்தோம், குக்கர் வைக்கவில்லை, மின்விசிறியைக்கூட நிறுத்தினோம். மே மாதத் திருச்சி வெயில் உங்களுக்கும் தெரியும். 125 வாங்கினாள். பல்கலைக்கழகமும் ஏற்றுக்கொண்டது.

விசா வேலையைத் தொடங்கும்போதுதான் அடுத்த இடி. வீட்டிலிருந்து எழுதும் தேர்வு எதையும் மாணவர் விசாவுக்கு ஏற்பதில்லை என்று ஆஸ்திரேலிய உள்துறையின் இணையதளத்தில் இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடித்தவள் என் மகள். உங்களுக்குத் தொழிலே இதுதான். கல்லூரிக்கு ஒரு கணக்கு, விசாவுக்கு ஒரு கணக்கு என்று எங்களுக்குத் தெரியாததால்தானே உங்களிடம் வந்தோம்?

ஜூலையில் அவளே தன் மெயிலில் அகாடமிக்குக்குப் பதிந்து எழுதினாள். மொத்தம் 7, எதிலும் 6-க்குக் குறையவில்லை. அதற்குள் ஜூலை சேர்க்கை முடிந்துவிட்டது. இப்போது 2026 பிப்ரவரிக்குத் தள்ளிக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஜெனரல் தேர்வுக்குக் கட்டிய 18,000, உங்கள் சேவைக் கட்டணம் 2,000, டூயோலிங்கோவுக்கு 6,500, ஆக 26,500 ரூபாய். பயிற்சி வகுப்புக்குக் கட்டிய 12,000-ஐக் கேட்கவில்லை, அந்த டீச்சர் நன்றாகச் சொல்லிக் கொடுத்தார். ஜூலைத் தேர்வுச் செலவையும் கேட்கவில்லை, ஒரு தேர்வு எப்படியும் எழுதியிருக்கத்தான் வேண்டும். ஆறு மாதம் போனதற்கு என்ன விலை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் அதையும் விட்டுவிட்டேன்.

மூன்று முறை நேரில் வந்தேன். மேலாளர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பணம் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். 5 லட்சத்துக்கு உட்பட்ட வழக்குக்கு அங்கே கட்டணமும் இல்லை. ரசீதுகள், அந்த ஸ்கிரீன்ஷாட், மஞ்சள் பூசிய ஆஃபர் லெட்டர் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. மார்ச் தேர்வுக்கு நீங்கள் தொடங்கிய கணக்கில் என் மகளின் பாஸ்போர்ட் விவரம் இருக்கிறது. அதன் கடவுச்சொல் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. பணம் தருவதற்கு முன்பாகவே அதை அவளிடம் ஒப்படையுங்கள்.

இப்படிக்கு,
மாணவியின் தந்தை